மாமா போட்ட சண்டைப் படம்

சுனாமி வந்து ஒரு வருஷம் கழித்து வந்த பொங்கலுக்கு, மாமா அம்மாவுக்குச் சீர் கொண்டுவந்ததோடு ஒரு டிவியையும் சிடி டெக்கையும் வாடகைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அப்போது நாலாவது.

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளாத நேரம் அது. உப்பளத்து வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திறந்துவிடுவது என்று வந்த பேச்சு, எதிரெதிர் வீட்டில் இருந்தும் முகம் பார்க்காத அளவுக்குப் போய்விட்டது. மழை விட்டதும் உப்புப் பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். இரண்டு வீட்டாரும் வரிசையாக நின்று மிதிப்பதுதான் வழக்கம். அந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் மட்டும் மிதித்தார்கள். இந்தக் கோடியை முடிப்பதற்குள் அந்தக் கோடி காய்ந்து வெடித்துவிடும். அதில் உப்பு எடுத்தால் மண்ணாகத்தான் வரும். சித்தப்பா பாத்தியும் அதே கதியில்தான் கிடந்தது.

காணும் பொங்கலன்று மத்தியானம், மாமா டிவியை இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலில் மர நிழலில் வைத்தார். அப்பா கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். சித்தப்பா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, நன்றாக இருந்த கூடையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

படம் பொம்மைப் படம். புதுச்சேரியில் பிள்ளைகள் பட்டனைத் தட்டி விளையாடும் வீடியோ கேம் சண்டையைத்தான் படமாக எடுத்திருக்கிறார்களாம். முடி சிலிர்த்த இரண்டு பேர் உள்ளங்கையிலிருந்து நெருப்பை விட்டு அடித்துக்கொண்டார்கள். பேச்சு இங்கிலீஷு. என்ன பேசுகிறார்கள் என்று நாங்கள் நச்சரித்ததும், மாமா தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

அவர்கள் அண்ணன் தம்பிகளாம். சுற்றிலும் வெள்ளையாகத் தெரிவது உப்பளமாம். அந்த ஊரிலும் உப்பளம் இருக்கிறதா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒருத்தன் ஓங்கி மிதித்தான், தரை பிளந்தது.

“பாத்தியா, ஒத்தையா மிதிச்சா இப்பிடித்தான் வெடிக்கும்” என்றார் மாமா.

சித்தப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசிச் சண்டையில் இரண்டு பேரும் கையை ஓங்கியபோது படம் அப்படியே நின்றுவிட்டது. மாமா உட்கார்ந்தபடியே எட்டி டெக்கைத் தட்டினார், ஊதினார், சிடியில் கீறல் என்று சொல்லிவிட்டார். யார் ஜெயித்தது என்று நான் அழாத குறையாகக் கேட்டேன்.

“யாரும் ஜெயிக்கல. மறுநாள் சேந்து மிதிக்கப் போயிட்டாங்க.”

“யாரு மொதல்ல கூப்பிட்டாங்களாம்?” கட்டிலிலிருந்து அப்பா திரும்பாமலே கேட்டார்.

“பெரியவன்தான். நான் என்னா பண்றது மச்சான், படம் எடுத்தவன் அப்பிடி எடுத்து வச்சிருக்கான்.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, சித்தப்பாவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: “உங்க சித்தப்பன் காலு சும்மாதான இருக்குது, நாளைக்கு வர்றானான்னு கேளு.”

நான் கேட்கப் போவதற்குள் சித்தப்பாவே பதில் சொன்னார்: “விடியக் கருக்கல்லயே வர்றேன்னு சொல்லு.”

மறுநாள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சேறு மிதித்தேன். படத்தில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று கேட்டேன். காலைப் பார்த்து மிதி என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மாமாவிடம் நான் பேசவே இல்லை. முந்தின நாள் டெக்கைத் திருப்பிக் கொடுக்க அவர் எழுந்தபோதே பார்த்திருந்தேன், அதன் ரிமோட் அவர் தொடைக்கு அடியில் கிடந்தது. பார்த்து உட்காரத் தெரியாத மனுஷன், ஒரு நல்ல படத்தைக் கெடுத்துவிட்டாரே என்று வருஷக்கணக்கில் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.