வேர்வை நின்றபோது

என் வீட்டுக்காரர் தனசேகரனுக்குப் பொய் சொல்ல வராது. தான் நெய்த புடவையில் ஓர் இழை அறுந்திருந்தாலும், முதலாளி பார்ப்பதற்கு முன்னால் இவரே விரித்துக் காட்டிவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஆரணியில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பாதிக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அறுபது வயதில் அவருக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி அது. ஆண் ஹார்மோனை அடக்குவதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூரில் ஊசி. சுரப்பி சுருங்கியது. கூடவே உடம்பில் அனல். தறியில் உட்கார்ந்திருக்கும்போதே குபீரென்று வேர்த்து, சொட்டுச் சொட்டாகப் பட்டில் விழும். மாம்பழக் கலர் புடவை ஒன்றைக் கறை என்று முதலாளி திருப்பி அனுப்பினார். நாற்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு.

அதற்கப்புறம் ஊசிக்குத் தனியாகவே கிளம்பினார். "நீ இன்னாத்துக்கு பஸ்ல அலைஞ்சிகினு?" என்றார். இரண்டு மூன்று மாதத்தில் வேர்வை நின்றது. முகத்தில் பழைய தெம்பு. நான் பூரித்துப்போய்ப் படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன், அறிவு கெட்டவள்.

பிறகு முதுகுவலி வந்தது. நான்தான் வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வேர்வை எப்பம்மா நின்னுச்சு?" என்று டாக்டர் கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

"ரெண்டு ஊசி போடவே இல்லியேம்மா. ஹார்மோன் திரும்பிடுச்சு, அதான் நின்னுச்சு."

அவர் பொறுமையாக விளக்கினார். பையன்கள் வளரும்போது அந்தச் சுரப்பியைக் கட்டுவதும், பிறகு ஆயுசு முழுக்கத் தேய்ந்ததை ஈடுகட்டுவதும் ஸ்டெம் செல்களாம். ஹார்மோன் இல்லையென்றால் மற்ற செல்கள் பெரும்பாலும் செத்துவிடும், இவை காத்திருக்கும். ஹார்மோன் வந்ததும் மறுபடி கட்டத் தொடங்கும். புற்றுநோயிலும் அப்படிச் சில செல்கள் தப்பிக் கிடக்குமாம். "கோரைக் கிழங்கு மாதிரிம்மா. மேல காஞ்சிட்டா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல."

இப்போது அது முதுகெலும்புக்குப் போயிருந்தது.

"இன்னா மனுஷன்யா நீ! உசுரு பெருசா, புடவ பெருசா?" ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன்.

அவர் தலை நிமிரவில்லை. "ஒரு ஊசி மட்டுந்தான் உடலாம்னு இருந்தேன் திலகா. ரெண்டாவது போட்டுக்கலாம்னுதான் கிளம்பினேன். அன்னிக்கி நீ பொங்கலுக்கு அரிசி பொடச்சிகினு இருந்தே. அவ்ளோ சிரிப்பு உன் மூஞ்சில. எனக்கு மறுபடியும் வேர்த்தா நீ இன்னா ஆவேன்னு, பஸ் ஸ்டாண்டோட திரும்பிட்டேன்."