நாவப்பழ நிற முத்துக்கு அப்பன் யார்?

ஊரிலேயே முதல் ஆளாகத் தாவரவியல் பி.எஸ்சி. தேறிய கர்வத்தோடு, இதை எழுதுகிறவன் 1977இல் வில்லியனூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, அல்போன்சா அவன் மூக்குக்கு நேரே ஒரு மக்காச்சோளக் கதிரை நீட்டினாள். வெள்ளை முத்துகளுக்கு நடுவே அங்கங்கே நாவப்பழ நிறத்தில் சில முத்துகள்.

"படிச்சவன்தான நீ? இதுக்கு அப்பன் யாருன்னு சொல்லு."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. புருஷன் போனபிறகு, மாதா திருவிழாவில் அவித்த சோளம் விற்றுத்தான் வருஷத்தில் பாதி நாள் அவள் அடுப்பு எரிந்தது. அந்த வருஷம் வந்தவர்களெல்லாம் பூச்சி பிடித்த கதிர் என்று நகர்ந்துவிட்டார்கள். மிஞ்சியதை மாடு தின்றது. மாடு நிறம் பார்க்கவில்லை.

"ஒரு கதிருக்கு ஆத்தா ஒருத்திதான்க்கா. முத்துக்கு முத்து அப்பன் வேற. பக்கத்துல எங்கனா ஊதாச் சோளம் இருந்தா, அதோட மகரந்தம் காத்துல வந்து வுழுந்திருக்கும்."

அவளுக்கு அப்பன் யாரென்று தெரிந்துவிட்டது. வேலிக்கு மேற்கே தாமஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர், ஊருக்கு 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய். எந்த நாட்டிலிருந்தோ பெட்டியில் கொண்டுவந்த ஊதாச் சோளத்தை விதைத்து, தின்னாமல் வாசலில் கட்டித் தொங்கவிட்டு அழகு பார்ப்பவர்.

"யோவ் சொல்தா, உன் சோளம் வேலி தாண்டி வந்து என்னுத கெடுத்துட்டுது. கட்டி வையி!"

"காத்துக்கு நான் இன்னா மூக்கணாங்கயிறா போட முடியும்? அழகு இல்லாத எடத்துக்கு அழகு வந்திருக்கு, போவியா."

அடுத்த வருஷம் சோளம் பூவெடுத்த நேரம், சொல்தா பென்ஷன் வாங்கப் புதுச்சேரி போனார். போனால் குடித்துக் களித்து மறுநாள்தான் திரும்புவார். அல்போன்சா அரிவாளோடு வேலி தாண்டினாள். ஊதாச் செடிகளின் மகரந்தம் உதிர்க்கும் உச்சி ஆண்பூவை ஒன்றுவிடாமல் அறுத்து மாட்டுக்குப் போட்டாள்.

"கிளி கொத்தியிருக்கும்" என்றாள் மறுநாள்.

"கிளி இன்னா அருவாளா வச்சிருக்கு?"

ஆனாலும் அறுவடையில் சொல்தா கதிரை உரித்தபோது எல்லாம் ஒரே ஊதா. அவர் கோபம் ஆறிற்று. அந்த முத்துகளுக்கு அப்பன் அல்போன்சாவின் வெள்ளைச் சோளம்தான். ஊதா அதைத் தலைதூக்க விடாமல் அமுக்கி வைத்திருந்தது. அவளுடைய கதிர்களும் பளிச்சென்று வெளுத்து, திருவிழாவில் மத்தியானத்துக்குள் கூடை காலி.

அமுங்கிக் கிடந்தது மூன்றாம் வருஷம் வெளியே வந்தது. சொல்தா தன் சொந்த விதையையே விதைத்தும், முத்துகளில் நாலுக்கு ஒன்று வெள்ளைப் பல்லாக இளித்தது. கதிரும் கையுமாக வேலிக்கு ஓடிவந்தார்.

"இன்னாமே இது? எந்தக் கிளி இட்ட முட்டை?"

"பேரனுக்குத் தாத்தன் ஜாடை வந்திருக்கு. தாத்தன் என் கொல்லையில நிக்கிற வெள்ளச் சோளந்தான்யா. உன் பூவ அறுத்தது நான்தான்!" என்றவள், தன் கதிரை உரித்துக் காட்டினாள். அந்த வருஷம் பூவெடுத்த நேரம் பென்ஷன் தள்ளிப்போய், சொல்தா வீட்டைவிட்டு நகரவே இல்லை; அவளால் பூவை அறுக்க முடியவில்லை. அவள் கதிர் முழுக்க ஊதாப் புள்ளி.

"திருவிழாவுக்கு நான் எதத்தான் விக்கிறது?"

திருவிழாவன்று சொல்தா பழைய பட்டாளக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் கூடைக்குப் பக்கத்தில் நின்று, "சீமைச் சோளம்! சீமைச் சோளம்!" என்று கத்தினார். பூச்சி என்று போனவர்களே வரிசையில் நின்றார்கள்.

இப்போது 1984. அல்போன்சா அதே கொல்லையில் இரண்டு விதையையும் கலந்தே விதைக்கிறாள். திருவிழாவில் புள்ளிச் சோளம்தான் விற்கிறாள். சொல்தா கூடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.