போர்ச்சு மேட்டில் பார்த்த ஆயில்

கோத்தா திங்கியில் நான் பட்டறை நடத்திய காலத்தில் புகை கக்கிக்கொண்டு வந்த வண்டிகள் ஏராளம். புகையோடு திருட்டுப் பட்டத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தது ஒரே ஒரு வேன்தான்.

அது தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன். முதலாளி மாணிக்கம், ஓட்டுபவர் சரசு. அந்தச் சம்பளம்தான் சரசு வீட்டுக்கு ஒரே வரவு.

மாணிக்கம் இறங்கும்போதே கத்தினார். "தம்பி, இந்தப் பொம்பள மின்யாக் ஈத்தாம வடிச்சி விக்கிறா லா! டெய்லி காலையில சாமி கும்பிடறதுக்கு முன்னாடி நானே செக் பண்றேன். டெய்லி குறையுது, நானும் ஊத்திக்கிட்டே இருக்கேன். இன்னியோட இவள நிப்பாட்டப் போறேன்."

"பொண்ணுங்க எல்லார் முன்னாடியும் திருடின்னு சொல்லிட்டாரு அண்ணே" என்றார் சரசு.

மின்யாக் ஈத்தாம் என்றால் மலாயில் என்ஜின் ஆயில். ஓடிக் கறுத்துப்போன ஆயிலை வடித்து விற்க அது என்ன மூலிகைத் தைலமா? மாணிக்கத்துக்கு இந்த யோசனை வரவில்லை. யோசிக்கும் வேலையை அவர் எப்போதும் வாயிடம்தான் விடுவார்.

என் பட்டறைத் தரை மட்டமானது. என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"இன்னும் எதுக்கு வெயிட் பண்றே?"

"மேல ஏறின ஆயில் கீழ சம்ப்புத் தொட்டிக்கு இறங்கணும் பாஸ்."

ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்தேன். கடைசி வரை உள்ளே விட்டு மறுபடி எடுத்தேன். முதல் தடவை உருவியதை வைத்து அளவு சொல்பவர்களை நான் பட்டறைக்குள் சேர்ப்பதில்லை. ஆயில் கம்பியின் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. ஊற்றி ஊற்றி நிரப்பியதில் உள்ளே சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்க, என்ஜின் புகைந்திருக்கிறது.

"குறையுதுன்னீங்க, இங்க வழியுதே. எங்க நிப்பாட்டிப் பார்ப்பீங்க?"

"எங்க வீட்டு போர்ச்சுலதான்."

விஷயம் விளங்கிவிட்டது. ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் ஊரில் வீட்டை உயர்த்திக் கட்டி, வண்டி நிறுத்தும் போர்ச்சைச் சரிவாக சிமெண்ட் போடுவார்கள். மாணிக்கத்தின் போர்ச்சு ஊரிலேயே பெரிய மேடு. அதில் அவருக்குப் பெருமை வேறு. வண்டியின் முகம் மேலே ஏறினால் ஆயில் பின்னால் ஓடிவிடும். அந்த வேனில் டிப்ஸ்டிக் இருப்பதோ முன்னால்.

அதிகப்படி ஆயிலை இறக்கி, மேல்கோட்டில் நிறுத்தினேன். பிறகு மூவரும் அவர் வீட்டுக்கே போனோம். போர்ச்சில் ஏற்றி, காத்திருந்து பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே! ரோட்டில் இறக்கிப் பார்த்தால் மறுபடி மேல்கோடு.

"அலமாக்!" என்று திகைத்தார் மாணிக்கம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடமே கோணலாக இருந்தும் ஆளைக் கோணல் என்றவர்.

"சரி சரி, சரசு, சாவியப் புடி. ஷிப்ட் முடியப் போவுது."

சரசு கை நீட்டவில்லை. "யார் முன்னாடி திருடின்னீங்களோ, அவங்க முன்னாடி இல்லன்னு சொல்லுங்க பாஸ். அப்புறந்தான் வண்டிய எடுப்பேன்."

"அதெல்லாம் எதுக்கு லா..."

சரசு ஓட்டுநர் சீட்டை விட்டு அடுத்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வேறு டிரைவரும் இல்லை. கடைசியில் மாணிக்கமே வேனை ஓட்டினார். புகை நின்றதா என்று பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். தொழிற்சாலை வாசலில் பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் அவர் கதவருகே நின்று எதையோ முனகினார்.

"கேக்கல பாஸ்!" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"சரசு ஆயில் எடுக்கல. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

சரசு அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். புகை இல்லை.

வண்டியை மேட்டிலிருந்து இறக்கிப் பார்க்கப் பொறுமையில்லாத மனிதருக்கு ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல மட்டும் அவசரம். வண்டியை மட்டமான தரைக்குக் கொண்டுவராமல் ஆயிலைப் பற்றி வாய் திறக்காதீர்கள். ஓட்டுகிறவரைப் பற்றித் திறக்கவே திறக்காதீர்கள்.