உள்வேலியை விட்டுக் கொடுத்தவர்

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வருகிறது. நகரத்தின் எல்லையில், சிமென்ட் கிடங்குகளைத் தாண்டி இருக்கிறது அந்தப் பண்ணை. வெள்ளையடித்த வேலிகள், குதிரைக்கு ஒரு கொட்டடி, கொட்டடிக்கு முன்னால் ஒரு பலகை. பலகையில் அது வென்ற பந்தயங்கள், வாங்கிய கோப்பைகள், அப்பன் பெயர், பாட்டன் பெயர். அதன் சாணத்தை அள்ளியவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவருக்கும் ஒரு பாட்டன் இருந்திருப்பார் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறன்று அந்தப் பண்ணைக்கு மருத்துவமனை லிப்ட் ஓட்டுபவர் ஒருவர் மனைவியோடு போனார். குள்ளமான மனிதர். லிப்ட் பொத்தான்களில் மேல்வரிசையைத் தொட எக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு காலத்தில் அந்த உயரம்தான் அவருக்குச் சோறு போட்டது. அவர் ஜாக்கியாக இருந்தவர்.

அவரைப் போக வைத்தது ஒரு நர்ஸ். அதற்கு முந்தைய வாரம் லிப்டில் ஏறியவள், கதவு மூடியதும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணே, குதிரைப் பண்ணைக்குப் போயிருந்தோம். நீங்க சொல்லுவீங்களே சக்கரவர்த்தின்னு ஒரு குதிரை, அதோட போர்டுல உங்களப் பத்தி ஒரு வரி இருக்கு."

"என்னம்மா போட்டிருக்கான்?"

"நல்லவிதமா இல்லண்ணே."

அந்த வரி இதுதான்: 'வாழ்நாளில் ஒரே தோல்வி, உடன் ஓடிய குதிரையின் ஜாக்கி விலைபோனதால்.'

இந்த ஒரு வரிக்குள் ஒரு மனிதரின் பிழைப்பையே புதைத்திருந்தார்கள். அது அங்கிருந்து போக வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சக்கரவர்த்தி பெரிய குதிரைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு சோம்பல் இருந்தது. முன்னால் துரத்த எதுவும் இல்லையென்றால் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு கூட்டத்தை வேடிக்கை பார்க்கும். அதனால் பயிற்சியாளர் அதே முதலாளியின் இன்னொரு குதிரையையும் ஒவ்வொரு பந்தயத்திலும் இறக்கினார். அதன் பெயர் 'அடுத்த வாரம்'. இது எப்பதான் ஜெயிக்கும் என்று யாராவது கேட்டால் லாயத்தில் அதன் பெயரையே பதிலாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அதன் மேல் உட்கார்ந்தவர் நம் ஆள்.

அவர் வேலை இது. பந்தயம் தொடங்கும் கதவு திறந்ததும் குதிரையை விரட்டி முன்னால் போக வேண்டும். உள்வேலியை ஒட்டியே ஓடி, கடைசித் திருப்பம் வரை சக்கரவர்த்திக்கு ஆசை காட்ட வேண்டும். திருப்பத்தில் ஒரு குதிரை அகலம் வெளியே நகர வேண்டும். சக்கரவர்த்தி அந்தச் சந்துக்குள் புகுந்து, குறைந்த தூரத்தில், கோப்பைக்குப் போய்விடும். திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஏற்பாடு வெளியே தெரிந்துவிடும். காதால்தான் கேட்க வேண்டும். சக்கரவர்த்திக்கு ஓடும்போது தொண்டையில் ஒரு கரகரப்பு உண்டு, மரம் அறுப்பதுபோல. அந்தச் சத்தம் தொடைக்கருகே வந்ததும் விலகுவார். லாயத்தில் அவருக்கு வைத்த பெயர் 'வழிவிடு'.

ஒவ்வொரு வெற்றிக்கும் முதலாளி தன் மோதிரத்தைக் காரணம் சொன்னார். பயிற்சியாளர் தன் பச்சைத் தொப்பியைச் சொன்னார். பந்தயம் முழுக்க முன்னால் ஓடி மூச்சு வாங்கிய குதிரையையும் ஆளையும் யாரும் சொல்லவில்லை. உழைப்பவன் கண்ணெதிரே நிற்கும்போது கல்லுக்கும் துணிக்கும் பெருமையைத் தூக்கிக் கொடுக்கிற புத்தி இந்த மனித இனத்துக்கு எப்படித்தான் வந்ததோ!

ஒரு நாள் தடம் சேறாக இருந்தது. கடைசித் திருப்பத்தில் கரகரப்பு கேட்டது. வழக்கம்போல விலகினார். அவர் விட்ட சந்துக்குள் புகுந்தது ஒரு சாம்பல் நிறக் குதிரை. அதற்கும் அந்த வாரம்தான் தொண்டை கெட்டிருந்தது. சேற்றில் குளம்புச் சத்தம் எல்லாம் ஒன்றுபோல அமுங்கிவிட, காது ஏமாந்துபோனது. பின்னால் மாட்டிக்கொண்ட சக்கரவர்த்தி சுற்றி வந்து, ஒரு கழுத்து நீளத்தில் தோற்றது.

இப்படி ஒரு தவறை வேறு எந்த ஜாக்கியாலும் செய்ய முடியாது. மற்ற யாருக்கும் வழிவிடும் வேலை கிடையாதே!

விசாரணை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் பந்தயக் கிளப் ஆட்கள். ஏன் விலகினாய் என்று கேட்டார்கள்.

"பயிற்சியாளர் சார் சொன்னபடிதாங்க. எப்பவும் விலகுறதுதான். இந்தத் தடவை ஆள் மாறிப்போச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "என் லாயத்துல எல்லாக் குதிரையும் ஜெயிக்கத்தான் ஓடுது. அப்படி ஒரு உத்தரவு நான் ஏன் போடப்போறேன்?"

கிளப் விதி அது. ஒவ்வொரு குதிரையும் வெல்வதற்காகவே ஓட்டப்பட வேண்டும். வழிவிடச் சொன்னது நிஜம் என்றால் பயிற்சியாளரின் உரிமம் போகும், முதலாளியின் கோப்பைகள் போகும். சொல்லவில்லை என்றால் இவர் காசு வாங்கித்தான் விலகியிருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். மைதானத்து வாசலில் தேநீர் விற்றவருக்கே தெரியும்! தெரிந்துகொண்டே ஆயுள் தடை எழுதினார்கள். எந்த லாயத்திலும் கால் வைக்கக்கூடாது. இதற்குப் பெயர் நீதி.

அன்று சக்கரவர்த்தி மேல் பணம் கட்டித் தோற்ற மச்சான் பேச்சை நிறுத்தினான். வாடகை வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். 'அடுத்த வாரம்' விற்கப்பட்டது. யாருக்கு, எதற்கு என்று கேட்டபோது லாயத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். தோற்ற குதிரைக்குப் பண்ணை கிடையாது.

அந்த ஞாயிறன்று கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று கேட்டார். பள்ளிச் சீருடை தைக்கிற தையற்காரி, பேச்சும் ஊசிதான்.

"ஏங்க, ஒரு குதிரையப் பாக்கவா இந்தச் சட்டைக்கு இஸ்திரி?"

"குதிரையப் பாக்க இல்லடி. போர்டப் பாக்க."

"போர்டுக்கு எதுக்குங்க இஸ்திரி?"

"விசாரணைக்குப் போனப்ப கசங்கின சட்டையில போனேன். அத வச்சே பாதிப் பேரு முடிவு பண்ணிட்டான்."

சக்கரவர்த்தியின் கொட்டடி முன்னால் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். குதிரைக்கு முதுகு வளைந்து, கண் மேல் குழி விழுந்திருந்தது. இவர் போய் வேலியருகே நின்றார். அது வந்து இவர் தோளை மோந்து பார்த்துவிட்டு, ஒரு பெண்மணி நீட்டிய கேரட்டுக்குப் போய்விட்டது. அதன் மேல் அவருக்குக் கோபமில்லை. பொய் சொன்னது குதிரை இல்லையே.

பிறகு பயிற்சியாளர் வந்தார். ஞாயிறுதோறும் அவர் பேச்சு உண்டு. தலை நரைத்திருந்தது, தொப்பி அதே பச்சை. கோப்பை கோப்பையாக நினைவுகூர்ந்தார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த பருத்த இரும்புக்கடைக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்.

"இவ்வளவு சோம்பேறிக் குதிரைய எப்படி சார் ஜெயிக்க வச்சீங்க?"

பாராட்டுக்கு ஏங்குகிற மனம் வாயை அடக்காது. பயிற்சியாளர் குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: "அதுதான் சார் மூளை. முன்னாடி ஒரு குதிரைய ஓட விடுவேன். கடைசித் திருப்பத்துல அது ஒதுங்கிடணும். நம்மாளு உள்ள புகுந்துடுவான். இந்த ஊர்ல யாருக்கும் தோணல, எனக்குத் தோணுச்சு!"

கைதட்டல். அதற்கு நடுவே லிப்ட் ஓட்டுபவர் எழுந்து நின்றார்.

"இத அன்னிக்கு விசாரணையில சொல்லியிருக்கலாமே சார்."

பயிற்சியாளர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"டேய், வழிவிடு… நீயா?"

"நான்தான் சார். அப்படி ஒரு உத்தரவே போடலன்னு சொன்னீங்க. இப்ப இத்தனை பேர் முன்னாடி போட்டேன்னு சொல்றீங்க. இதுல எது பொய்?"

"கதை சொல்றப்ப கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவோம். பழசெல்லாம் எதுக்குப்பா கிளறுற? உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன்."

மன்னித்தாராம்! திருடியவர் பறிகொடுத்தவரை மன்னிக்கிற அழகை அந்தப் பெஞ்சுகளில் இருந்தவர்கள் அன்று நேரில் பார்த்தார்கள்.

பண்ணை மேலாளர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். "ஐயா, பார்வையாளருங்க இருக்காங்க, தயவுசெஞ்சு உக்காருங்க."

"அந்தக் கடைசி வரிய எடுத்துடுங்க, உக்காந்துடறேன்."

"அது சும்மா ஒரு போர்டுதானே ஐயா."

"சும்மாதான்னா எடுக்கறதுல என்ன கஷ்டம்?"

மேலாளர் கழுத்துப் பட்டையை மறுபடி சரிசெய்தார். இவர் குனிந்தார். வேலியோரம் மழைச்சேறு கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளி, பலகையின் கடைசி வரி மேல் அப்பினார். இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் தெறித்தது. பிறகு கையை உதறிக்கொண்டு சொன்னார்.

"போலீஸக் கூப்பிடுங்க. வழக்கு போடுங்க. ஏன் அப்புனேன்னு கேப்பாங்கல்ல, அங்க சொல்லிக்கறேன். இவங்க எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிடறேன்."

மேலாளர் போனை எடுத்தார். "வேண்டாம்" என்றார் பயிற்சியாளர். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. விசாரணை என்றால் கேள்வி வரும். கேள்வி வந்தால் இந்தத் தடவை அவர் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் இருக்கிறார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். யாரும் கைதட்டவில்லை.

இரும்புக்கடைக்காரர் மெல்ல இவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, சக்கரவர்த்தி தோத்த அன்னிக்கு உன் மேல செருப்பு வீசுனதுல நானும் ஒருத்தன்."

"படலண்ணே. உங்க குறி சரியில்ல."

மனைவி வாய்விட்டுச் சிரித்தார். இரும்புக்கடைக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மேலாளர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்து பலகையைக் கழுவினார். வரி மறுபடி பளிச்சென்று தெரிந்தது. இவர் மறுபடி சேற்றை அள்ளி அப்பினார். இப்போது கூடவே ஒரு பருத்த கையும் சேர்ந்து அப்பியது. மேலாளர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"சரிங்க. நாளைக்குப் பெயின்டர வரச் சொல்லி அழிச்சிடறேன். போதுமா?"

"அழிச்சா போதாது. சக்கரவர்த்தி தோத்தான்னு இருக்கட்டும். ஏன் தோத்தான்னும் இருக்கட்டும். பயிற்சியாளர் போட்ட உத்தரவுப்படி ஜாக்கி விலகுனதாலன்னு எழுதணும்."

"அது என் கையில இல்லீங்க. கிளப்புல ஒத்துக்கணும்."

"அப்ப கிளப்ப வரச் சொல்லுங்க. இங்கதான் உக்காந்திருப்பேன்."

சொன்னபடி முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தார். கூட்டம் கலையவில்லை. கேரட் நீட்டிய பெண்மணி கேட்டார், "ஏங்க, அந்த இன்னொரு குதிர என்னாச்சு?" இவர் சொல்ல ஆரம்பித்தார். சக்கரவர்த்தி தன் பாட்டுக்குப் புல் மென்றது. மனைவி பையிலிருந்து துண்டை எடுத்து, சேறு காய்வதற்குள் அவர் கையைத் துடைக்கப் போனார்.

"இருடி" என்றார் அவர். "மறுபடி கழுவ வந்தாலும் வருவான்."