காயாத வெள்ளை வட்டம்

புத்தளத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவள் கமறியா. 2016இல் அவளிடம் பழக வந்தவர் றைஸா டீச்சர். மூன்றாவது வாரம் இருவரும் கல்பிட்டிப் பக்கமாகப் போனபோது, வழியில் ஒரு சந்தியில் வாகனங்கள் சுற்றிப் போவதற்குப் புதிதாக வெள்ளை வட்டம் பூசியிருந்தார்கள். கட்டு இல்லை, தரையோடு தரையாகப் பெயின்ட்.

“இதுக்கும் பெரிய றவுண்டபோட் சட்டந்தானா?” என்று றைஸா கேட்டார்.

“ஓம் டீச்சர். வலப்பக்கத்தால வாறவங்களுக்கு வழி விட்டுட்டு, சுத்தித்தான் போகணும். பெரிசுல கட்டு இரிக்கி, யாருக்கும் ஏற ஏலாது. இதுல நீட்டு பஸ், லொறி திரும்ப ஏலாட்டி மட்டும் மேல ஏறலாம். கார், ஜீப் எல்லாம் சுத்தணும்.”

றைஸா நின்று பார்த்து, சரியாகத்தான் உள்ளே போனார். எதிரே வந்த பஜிரோ ஜீப் வட்டத்தைச் சுற்றாமல், அதன் மேலேயே ஏறி வலப்பக்கம் திரும்பி, றைஸாவின் கதவில் மோதியது.

இறங்கியவர் அத்தாஉல்லா ஹாஜியார். றைஸா படிப்பிக்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் பெரிய ஆள்.

“பழகாத ஆளுகள சந்திக்குக் கொண்டு வரலாமா, தங்கச்சி?” என்றார் கமறியாவிடம்.

பொலிஸ்காரர் வந்தார். சந்தித் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் ஒன்றும் காணவில்லையாம். றைஸாவிடம் கேட்டார். அவர் ஹாஜியாரைப் பார்த்தார்.

“பயத்துல கண்ண மூடிட்டன் சேர். என்ன நடந்தண்டு தெரியா.”

பக்கத்தில் இருந்து பார்த்தவள் கமறியா. அந்தக் கண்கள் திறந்துதான் இருந்தன. பொலிஸ்காரர் பிழை கமறியாவின் கார்ப் பக்கம் என்று எழுதத் தொடங்கினார்.

அவள் குனிந்து வட்டத்தைத் தொட்டாள். விரலில் பெயின்ட் ஒட்டியது. எழுந்து போய் பஜிரோவின் பக்கத்தில் நின்றாள்.

“சேர், ரெண்டு வாகனத்துடயும் டயரப் பாருங்க.”

அவளுடைய டயர்கள் கறுப்பாகவே இருந்தன. பஜிரோவின் டயர்களில் வெள்ளை அப்பியிருந்தது. பொலிஸ்காரர் எழுதியதை வெட்டினார்.

“அது சும்மா பெயின்ட்தானே, சேர்,” என்றார் ஹாஜியார். பொலிஸ்காரர் அவருடைய லைசனைக் கேட்டார். கடையில் இருந்தவர்களில் இருவர் இப்போது எழுந்து வந்து, ஹாஜியார் வேகமாக வந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். கமறியா அவர்கள் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து றைஸா ஒரு கிண்ணத்தில் இனிப்பு வட்டிலப்பத்தோடு கமறியாவின் வீட்டுக்கு வந்தார்.

“ராத்தா, பிழையா நினைக்காதீங்க. நாளைக்கும் அந்த ஸ்கூல்லதானே நான் படிப்பிக்கணும்.”

“விளங்குது டீச்சர். ஆனா இனி உங்களுக்குப் பக்கத்துல என்னால இருக்க ஏலா. வேற ஆளப் பாருங்க.”

கிண்ணத்தை அவள் வாங்கவில்லை.