இணுவிலில் தலைக்கு வைத்த மருத்துநீர்

"பிள்ளை, இன்னும் தோயேல்லையோ?"

யாழ்ப்பாணத்து இணுவிலில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார மல்லிகா அக்கா இன்று காலையில் இப்படிக் கேட்டார்.

"ரெண்டு துணிதான்க்கா. ஊருக்கு, திருநெல்வேலிக்குப் போய்த் தோய்ச்சுக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அவருடைய கணவர் எட்டிப் பார்த்தார்.

"உடுப்பில்லை பிள்ளை, தலை! இண்டைக்கு வருஷப்பிறப்பெல்லோ? மருத்துநீர் வைச்சுத்தான் தோய வேணும். இப்பிடி இருங்கோ."

கோயிலில் ஐயர் காய்ச்சிக் கொடுத்ததாம். மஞ்சளும் பாலும் என்னென்னவோ இலைகளும் சேர்ந்த வாசனை. என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் வைத்துத் தேய்த்தார்.

எங்கள் ஊரில் சித்திரைக்கு இந்த வழக்கம் கிடையாது. ஆனால் தலையில் கை பட்டதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. தீபாவளி விடியலில் இப்படித்தான் நல்லெண்ணெய் வைப்பாள். நான் தூக்கக் கலக்கத்தில் தலையை இழுத்துக்கொள்வேன். "ஆடாம இருடீ" என்று ஒரு குட்டு விழும்.

அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. அதன்பிறகு என் தலைக்கு நானேதான் எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். பாதித் தீபாவளிகளில் அதுவும் இல்லை, ஷாம்புதான்.

"என்ன பிள்ளை, கண்ணுக்கை போயிட்டுதோ?"

"ஓம் அக்கா" என்று பொய் சொன்னேன்.

அவர் சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். நானும் போதும் என்று சொல்லவில்லை.

உங்கள் தலையில் வேறொருவர் கடைசியாக எண்ணெய் வைத்தது எப்போது? பியூட்டி பார்லர் கணக்கில் சேராது.