ரெண்டு தடவை வைத்த விரல்

ரியாத்தில் கிரேன் ஓட்டுகிற அப்துல் வாஹித்துக்குச் சொந்த ஊரான திருச்சுழியில் எவனும் ஒரு பொருட்டில்லை. லீவில் வந்து இறங்கிவிட்டால் போதும், "இவனுகளுக்கு என்னலே தெரியும், ஊரத் தாண்டியிருக்கானுகளா?" என்று டீக்கடையிலேயே ஆரம்பித்துவிடுவார். ஆமாம், ஊரைத் தாண்டிய அந்த அறிவுதான் போன லீவில் பந்தல்குடி ரோட்டோரம் குடை விரித்து சிம் கார்டு விற்றவனிடம் போய்ப் பல்லிளித்தது.

சிம் வாங்கினால் டிபன் பாக்ஸ் இலவசமாம். "பாய், ரேகை சரியா விழல, இன்னொருக்கா வைங்க" என்றான் அவன். வைத்தார். முதல் ரேகைக்கு இவருக்கு ஒரு சிம், இரண்டாவதற்கு இவர் பேரிலேயே எவனுக்கோ ஒரு சிம். தூ, அந்த டிபன் பாக்ஸுக்கு மூடிகூட ஒழுங்காகப் பொருந்தவில்லை.

இந்த லீவு முடியப்போகிற நேரத்தில் ஏட்டு பொன்ராஜ் வாசலில் வந்து நின்றார். வாஹித் பேரிலுள்ள நம்பரிலிருந்து எவனோ பேங்க் மேனேஜர் மாதிரிப் பேசி, வெளிமாநிலத்து ஆட்களை ஏமாற்றியிருக்கிறான். விசாரணை முடியாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார். நாள் தள்ளினால் ரியாத்து வேலை போய்விடும். கேஸை முடித்துத் தருகிறேன் என்ற ஒரு புரோக்கரை வாஹித் உடனே பிடித்தார். அவன் ஆதார் ஜெராக்ஸும் போனுக்கு வருகிற ஓடிபியும் கேட்டான். இவரும் எடுக்கப் போனார்!

"அறிவு கிறிவு இருக்கா ஒங்களுக்கு?" பெண்டாட்டி ரைஹானா பொரிந்து தள்ளிவிட்டாள். "கைரேகைய ஒருத்தன் கொண்டு போயிட்டான். மிச்சத்த இவனுக்குத் தூக்கிக் குடுக்கப் போறீகளா? பேசாம ஒக்காருங்க."

போனில் அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தைத் திறந்தாள். இவர் பேரில் இருந்த நம்பரெல்லாம் வந்தது. தெரியாத நம்பரை "எங்களது இல்லை" என்று அங்கேயே புகார் செய்தாள். இனி எவனும் எடுத்துப் பயன்படுத்தாதபடி ஆதாரில் கைரேகையைப் பூட்டினாள். மறுநாள் காலையில் புருசனை விருதுநகர் சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸு முழுக்க வசவுதான்.

"மெதுவாப் பேசு புள்ள, ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும். கேட்டுக்கிட்டா அவுகளாவது பொழைப்பாக."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. முருகலட்சுமி கேட்டார்: "நம்பரு ஒங்க பேருல இருக்கு. பேசுனது நீங்க இல்லைன்னு எப்படி நம்புறது?"

டீக்கடைச் சிங்கம் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தது. ரைஹானா பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். எஸ்.ஐ. பக்கம் பக்கமாகப் புரட்டி, முத்திரைகளையும் ஏமாந்தவர்களுக்குப் போன் வந்த தேதிகளையும் ஒத்துப் பார்த்தார்.

"அந்த நேரம் இவரு ஊர்லயே இல்ல. நான் எழுதி அனுப்பிடுறேன். நீங்க கெளம்பலாம்."

வாஹித்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்துவிட்டது. "பாத்தியா புள்ள, வெளிநாட்டுல இருந்ததுதான் என்னயக் காப்பாத்துச்சு!"

புரட்டிய பக்கங்களை ரைஹானாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூத்த மகள் பிறந்த வருஷம் அதில் இருந்தது, இவர் ரியாத்தில். ரைஹானாவின் அத்தா மௌத்தாகி அடக்கமான வருஷமும் இருந்தது, அப்போதும் இவர் ரியாத்தில்.

"நீங்க ஊர்ல இல்லைன்னு சொல்ல பாஸ்போர்ட்டு எதுக்குங்க?" என்றாள். "என்னயக் கேட்டிருந்தாப் போதாதா?"